எண்ணும் மேசையிலிருந்து: தேர்தலும் புதிய தொழில்நுட்பமும், வாசகர் கேள்விகள்

தேர்தல் சீர்திருத்தம் பற்றிக் கட்டுரை கேட்டார் ஆசிரியர். வாசகர்கள் கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன் என்றேன். முப்பது ஆண்டுக்கு மேல் கணினி அறிவியல் கற்பித்தவள் நான். அதே ஆண்டுகளில் தேர்தல் வந்தபோதெல்லாம் வாக்கு எண்ணும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் காகிதச் சீட்டு, பிறகு இயந்திரம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: மேடம், பணத்தையே போனில் அனுப்புகிறோம், வரியும் கட்டுகிறோம். ஓட்டுக்கு மட்டும் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்? (கல்லூரி மாணவி)

ப: ஆண்டுதோறும் என் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி இது. நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் பணம் அனுப்பும்போது உங்கள் பெயர், வாங்குபவர் பெயர், தொகை, நேரம் எல்லாம் பதிவாகிறது. தவறு நடந்தால் நாளைக்குக் கணக்கைத் திறந்து பார்த்து, "இது நான் அனுப்பியது இல்லை" என்று சண்டை போடலாம். ஓட்டு அப்படி இல்லை. நீங்கள் வந்து ஓட்டுப் போட்டீர்கள் என்பது பதிவாக வேண்டும். யாருக்குப் போட்டீர்கள் என்பது ஒருவருக்கும் தெரியக் கூடாது. நீங்களே விரும்பினாலும் அதை இன்னொருவரிடம் நிரூபிக்க வழி இருக்கக் கூடாது. வழி இருந்தால் ஓட்டை விற்கலாம், முதலாளியோ வீட்டுக்காரரோ "காட்டு பார்க்கலாம்" என்று கேட்கலாம். பெயரே இல்லாத கணக்கில் திருட்டு நடந்தால் யார் வந்து புகார் கொடுப்பது? வங்கியைப் பாதுகாப்பதை விட ஓட்டைப் பாதுகாப்பது கடினம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வாக்குச்சாவடியில் மூன்று பக்கமும் அட்டை வைத்து மறைத்த அந்தச் சின்ன இடம் லேசில் கிடைத்ததில்லை. அரசே அச்சடித்த சீட்டில் ரகசியமாகக் குறிக்கும் முறை ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 1856-ல்தான் சட்டமானது. அதற்கு முன் பல இடங்களில் எல்லார் காதிலும் விழும்படி பெயரைச் சொல்லி ஓட்டுப் போட வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஓட்டு போனுக்குள் போனால் அந்த மறைப்பு அட்டை போய்விடுகிறது. வீட்டில் உங்கள் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது எந்தச் செயலிக்கும் தெரியாது.

எஸ்தோனியாவில் நடக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், 2005 முதல் நடக்கிறது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகள் இணையத்தில்தான் விழுந்தன. மிரட்டலுக்கு அவர்கள் கண்ட வழி அழகானது: எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். நேரில் போய்ச் சீட்டில் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகிவிடும். இதற்கு அடியில் மின்னணு அடையாள அட்டை என்கிற ஏற்பாடு நாடு முழுக்கப் பல ஆண்டுகளாகப் பழகிப்போயிருக்கிறது. அது இல்லாமல் செயலியை மட்டும் கொண்டுவந்தால் என்ன ஆகும்?

2010-ல் வாஷிங்டன் டி.சி. நகரம், வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களுக்காக ஓர் இணைய ஓட்டு முறையைத் தயாரித்தது. உண்மையான தேர்தலுக்கு முன், முடிந்தால் உடைத்துப் பாருங்கள் என்று எல்லாருக்கும் திறந்துவிட்டது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 48 மணி நேரத்துக்குள் முழுக் கட்டுப்பாட்டையும் பிடித்து, விழுந்திருந்த ஓட்டுகளை எல்லாம் மாற்றியது. ஓட்டுப் போட்டு முடித்தால் வரும் நன்றிப் பக்கத்தில் தங்கள் பல்கலைக்கழகப் பாட்டு ஒலிக்கும்படியும் வைத்துவிட்டு வந்தது. அதிகாரிகளுக்கு விஷயம் தெரிய ஏறக்குறைய இரண்டு நாள் ஆனது. பாட்டு என்கிற தடயத்தை அவர்கள் வேண்டுமென்றே விட்டதால்தான் தெரிந்தது. தேர்தலைத் திருட வருகிறவன் பாட்டுப் போட்டுவிட்டா போவான்?

நடக்க முடியாதவர்கள், ஊரில் இல்லாதவர்கள் ஓட்டை இழக்கிறார்கள் என்பது உண்மையான குறை. அதற்குத் தபால் ஓட்டு, முன்கூட்டிய ஓட்டு, வீட்டுக்கே பெட்டியோடு வருவது என்று வழிகள் இருக்கின்றன. இவற்றை விரிவாக்குவதுதான் இப்போதைக்குச் சரி என்பது என் கருத்து.

கே: பிளாக்செயின் வந்தால் இந்தப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்களே? (மென்பொருள் துறை வாசகர்)

ப: எழுதியதை அழிக்க முடியாமல் காப்பது பிளாக்செயின். எழுதுகிற இடம் உங்கள் போன். நீங்கள் ஒரு பெயரை அழுத்த, கெட்டுப்போன போன் வேறொரு பெயரை எழுதினால், அந்தப் பொய்யும் யாராலும் அழிக்க முடியாதபடி பத்திரமாக இருக்கும்.

கே: வாக்கு இயந்திரத்தை நம்பலாமா, கூடாதா? தோற்றவர்கள் குறை சொல்கிறார்கள், வென்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ப: ஐயா, நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது வரியில்தான் விஷயமே இருக்கிறது. வென்றவருக்கு எந்த முறையும் பிடிக்கும். தோற்றவர் கேள்வி கேட்கும்போது எடுத்துக் காட்ட கையில் என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு முறையை எடைபோட வேண்டும்.

2003-ல் பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக் பகுதியில், ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு கூடுதலாகக் காட்டியது இயந்திரம். அவர் வாங்கவே முடியாத எண்ணிக்கையாக அது இருந்ததால் கண்ணில் பட்டது. கணினி படித்தவர்களுக்கு 4,096 என்றதும் பொறிதட்டும்: பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் அது. நினைவகத்தில் ஒரே ஒரு பிட், 0 என்பது 1 என்று தானாகப் புரண்டிருக்கிறது. யாரும் சதி செய்யவில்லை. அதே பிழை 64 ஓட்டாக வந்திருந்தால் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பதறும்.

காகிதமும் புனிதமானதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும், கட்டுக்கட்டாகச் சீட்டைத் திணித்ததும் உலகில் எத்தனையோ தேர்தல்களில் நடந்திருக்கிறது. ஆனால் காகிதத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியும். நான் எண்ணிய முதல் தேர்தலில் ஒரு சீட்டு வந்தது. இரண்டு பெயருக்கும் நடுவிலுள்ள கோட்டின் மேலேயே முத்திரை விழுந்திருந்தது. எதிரே நின்ற முகவர்கள் மூன்று பேரும் தடுப்புக் கம்பியில் வயிறு அழுந்தக் குனிந்தார்கள். "மேல இருக்கு", "கீழதான் அதிகம்" என்று வாக்குவாதம். நான் சீட்டை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, எல்லாருக்கும் தெரியும்படி அப்படியே வைத்திருந்தேன். கை வலித்தது, இறக்கவில்லை. தேர்தல் அதிகாரி வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், செல்லாது என்றார். மூன்று பேரும் முணுமுணுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்கள். அந்த ஒரு சீட்டுக்கு நாலு நிமிடம் ஆனது. வீண் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3-ம் தேதி சொன்ன தீர்ப்பை என் மாணவர்களுக்குக் கட்டாயம் படித்துக் காட்டுவேன். ஓட்டுப் போடுவதிலும் எண்ணுவதிலும் முக்கியமான படிகளை, சிறப்புத் தொழில்நுட்ப அறிவு எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகனே சரிபார்க்க முடிய வேண்டும் என்றது அது. 2005 தேர்தலில் அங்கே பயன்படுத்திய இயந்திரங்கள் அதற்கு இடம் தரவில்லை என்று ஒதுக்கியது. முறைகேடு நடந்ததற்குச் சான்று இல்லாததால் தேர்தலை மட்டும் ரத்து செய்யவில்லை.

அப்படியானால் இயந்திரமே கூடாதா? கூடும், பக்கத்தில் காகிதம் இருந்தால். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2013-ல் காகிதத் தடம் இன்றியமையாதது என்றது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து, வெட்டுப்பட்டு விழுகிறதே, அந்தச் சீட்டு அப்படி வந்ததுதான். 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 வாக்குச்சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, சீட்டையும் இயந்திரத்தையும் ஒப்பிடுகிறார்கள். நல்லது. ஆனால் வெற்றி வித்தியாசம் ஒரு லட்சமானாலும் ஐந்து, நூறானாலும் ஐந்து என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். ஆனால் கிளறி எடுத்த சோறாக இருக்க வேண்டும், எத்தனை சோறு பார்ப்பது என்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017-ல் மாநிலம் முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் சில நூறு சீட்டு பார்த்தாலே போதும். குறைய குறையப் பார்க்க வேண்டிய சீட்டு கூடும். சந்தேகம் தீராவிட்டால் முழுவதையும் கையால் எண்ணிவிட வேண்டும். எந்தச் சீட்டை எடுப்பது என்பதைத் தீர்மானிக்கப் பொதுமக்கள் முன்னிலையில் பத்து முகப் பகடையை 20 முறை உருட்டுகிறார்கள். பகடை விழுவது எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணிலிருந்து சீட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் சூத்திரமும் வெளியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். தொழில்நுட்பத்தைத் தேர்தலில் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டால் நான் இந்தப் பகடையைத்தான் காட்டுவேன்.

கே: தேர்தலுக்கு முந்தின நாள் ஒரு வேட்பாளர் குரலில் ஆடியோ வந்தது. அப்படியே அவர் குரல். பிறகு பொய் என்றார்கள். எதை நம்புவது அம்மா? (இல்லத்தரசி)

ப: குரலை வைத்து நம்பும் காலம் முடிந்துவிட்டது, அம்மா. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் பாடம் நடத்திய பழைய ஒலிப்பதிவிலிருந்து மூன்று நிமிடத்தை ஒரு மென்பொருளுக்குக் கொடுத்து, நான் வாழ்நாளில் சொல்லாத ஒரு பேச்சை என் குரலிலேயே போட்டுக் காட்டினான். "ஆக" என்று ஆரம்பித்து, ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் அடுத்த சொல்லைப் பிடிப்பது என் வழக்கம். அந்த நிறுத்தம்கூட அதில் இருந்தது. உள்ளே வேலையாக இருந்த என் தங்கை, "என்னக்கா, கூப்பிட்டியா?" என்று வந்து நின்றாள். ஐம்பது வருஷமாக என் குரலைக் கேட்பவள்.

ஸ்லோவாகியாவில் 2023 செப்டம்பர் 30-ம் தேதி தேர்தல். அதற்கு முன் 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை. சரியாக அந்த நேரத்தில், மிகல் ஷிமெச்கா என்கிற கட்சித் தலைவரும் ஒரு பத்திரிகையாளரும் தேர்தலில் முறைகேடு செய்யத் திட்டமிடுவது போன்ற ஆடியோ பரவியது. போலி என்று மறுத்தார்கள். ஆனால் எல்லாரும் மௌனமாக இருக்க வேண்டிய நேரத்தில் மறுப்பு எவ்வளவு தூரம் போகும்? வாக்காளர் அமைதியாக யோசிக்கட்டும் என்று வைத்த விதி, பொய்க்குக் கேடயமாகிவிட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், அப்போதைய அதிபர் ஜோ பைடன் குரலில் வீடுகளுக்குத் தானியங்கி அழைப்பு போனது, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம், நவம்பருக்குச் சேர்த்து வையுங்கள் என்று. அடுத்த மாதமே, செயற்கைக் குரலில் இப்படி அழைப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அறிவித்தது. தென் கொரியா இன்னும் முன்னே போய், தேர்தலுக்கு முந்தைய 90 நாளும் டீப்ஃபேக் (கணினி உருவாக்கும் போலிக் குரல், போலிப் படம்) பிரசாரமே கூடாது என்று சட்டம் போட்டது.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. போலி பெருகினால் உண்மையாகவே மாட்டிக்கொண்டவரும் "அது என் குரல் இல்லை, ஏஐ" என்று தப்பித்துக்கொள்வார். ஆகவே போலியைப் பிடிக்கும் மென்பொருளை மட்டும் நம்பிப் பயனில்லை. இன்றைக்கு அது பிடிப்பதை நாளைய போலி தாண்டிவிடும். பதிவு எங்கே, எப்போது, யார் எடுத்தது என்பதைக் கோப்போடு சேர்த்து முத்திரையிடும் முறைகள் வந்துகொண்டிருக்கின்றன. கட்சிகளும் செய்தி நிறுவனங்களும் தேர்தல் ஆணையங்களும் தங்கள் பதிவுகளுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டும். பிரசாரம் ஓய்ந்த பிறகும் போலிக்கு மறுப்பு சொல்ல மட்டும் விதியில் இடம் விட வேண்டும்.

உங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று. கடைசி இரண்டு நாளில் வந்து, கேட்டதும் ரத்தம் கொதிக்க வைக்கும் ஆடியோவை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். யார் முதலில் வெளியிட்டார்கள் என்று தெரியாவிட்டால் அது உங்கள் போனோடு நிற்கட்டும்.

கே: சமூக ஊடகத்தில் பணம் கொட்டி ஒருவர் ஜெயித்தால் தேர்தலையே ரத்து செய்யலாமா? (அரசு ஊழியர்)

ப: ருமேனியா செய்தது. 2024 நவம்பரில் முதல் சுற்று நடந்திருந்த அதிபர் தேர்தலை டிசம்பர் 6-ம் தேதி அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் ரத்து செய்தது. டிக்டாக்கில் ஒரு வேட்பாளரைத் தூக்கிப் பிடிக்க ஒருங்கிணைந்த வேலை நடந்தது என்று உளவுத் துறை ஆவணங்கள் சொன்னதற்குப் பிறகு வந்த தீர்ப்பு. 2025 மே மாதம் மறுபடியும் ஓட்டுப் போட்டார்கள். எனக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. சீட்டைத் திருத்தியதாகக் குற்றச்சாட்டு இல்லை, மக்கள் தாங்களே போட்ட ஓட்டு அது. அதைத் தூக்கி எறியும் அதிகாரம் ஒருமுறை பழகிவிட்டால் அடுத்தது யார் கையில் போகும்? எந்த விளம்பரத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்குக் காட்டினார்கள் என்பது அன்றன்றே பொதுவில் தெரிந்திருந்தால் விஷயம் நீதிமன்றம் வரை வந்திருக்காது. விதி ஓட்டுக்கு முன்னால் வர வேண்டும்.

கே: மூன்றில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிறார். மீதிப் பேர் ஓட்டு எங்கே போகிறது? முறையையே மாற்றக் கூடாதா? (முதுகலை மாணவர்)

ப: மாற்றலாம், மாற்றியிருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1978-லும் 1981-லும் தொழிலாளர் கட்சிதான் அதிக ஓட்டு வாங்கியது, ஆட்சி தேசியக் கட்சிக்குப் போனது. 1981-ல் சோஷியல் கிரெடிட் என்கிற கட்சி ஐந்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கி இரண்டே இடம் பெற்றது. 1986-ல் ஆணையம் ஒன்று மாற்றச் சொன்னது, 1993-ல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டார்கள், 1996-ல் விகிதாசாரக் கலப்பு முறை நடைமுறைக்கு வந்தது: தொகுதி வேட்பாளருக்கு ஓர் ஓட்டு, கட்சிக்கு ஓர் ஓட்டு, கட்சி வாங்கிய ஓட்டின் விகிதப்படி அதற்கு மொத்த இடம். ஆணையம் சொன்னதற்கும் முதல் தேர்தலுக்கும் நடுவில் பத்து ஆண்டு. அந்த அவகாசம் வேண்டும்.

பெயர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் முறை ஆஸ்திரேலியாவில் 1918 முதல் இருக்கிறது. முதல் பெயர் பின்தங்கி வெளியேறினால் அந்தச் சீட்டு இரண்டாவது பெயருக்குப் போகும், இப்படிச் சுற்றுச் சுற்றாக எண்ணுவார்கள். அயர்லாந்தும் வரிசை முறைதான், அங்கே எண்ணுவதற்கு நாட்கணக்கில் ஆகும். அதைச் சுருக்க மின்னணு இயந்திரம் வாங்கினார்கள். 2002-ல் மூன்று தொகுதிகளில் சோதனை. டப்ளின் வடக்குத் தொகுதியில் முன்னாள் அமைச்சர் நோரா ஓவன் தோற்றார். காகித எண்ணிக்கையில் சுற்றுக்குச் சுற்று போக்கு தெரியும், தோற்கப் போகிறவர் மனதைத் தயார் செய்துகொள்வார். அன்றைக்கு அவருக்கு அந்த அவகாசம் இல்லை. எல்லார் முன்னாலும் ஒரேயடியாக முடிவை அறிவித்துவிட்டார்கள். வேகம் என்பதற்கு இப்படி ஒரு கொடூரமும் உண்டு என்று அந்த நாடே பார்த்தது. அந்த இயந்திரங்கள் மீது காகிதத் தடம் இல்லை என்ற புகாரும் எழுந்தது. 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்த இயந்திரங்கள் கிடங்கிலேயே கிடந்து, 2012-ல் பழைய இரும்பு விலைக்குப் போயின. அயர்லாந்து இன்னும் பென்சிலால்தான் குறிக்கிறது.

கே: ஏஐ-யிடமே ஆட்சியைக் கொடுத்துவிட்டால் லஞ்சம் இருக்காதே? (வணிகர்)

ப: எதற்காக ஆள வேண்டும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? அணை கட்டினால் மின்சாரம் வரும், பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும். எது பெரிது என்று தீர்மானிப்பது கணக்கு இல்லை. அப்படித் தீர்மானித்தவரை அடுத்த தேர்தலில் வெளியே அனுப்ப முடிய வேண்டும்.

கே: தொழில்நுட்பத்தால் ஜனநாயகத்துக்கு நல்லதே இல்லையா? (பள்ளி ஆசிரியை)

ப: இருக்கிறது. தைவானில் 2015-ல் உபர் வாடகைக் கார்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பெரிய சண்டை. அப்போது போலிஸ் என்கிற மென்பொருளை வைத்து மக்கள் கருத்தைத் திரட்டினார்கள். (காவல் துறை இல்லை, அதன் பெயரே அது.) ஒருவர் ஒரு வாக்கியம் எழுதலாம். மற்றவர்கள் அதற்கு ஒப்புக்கொள்கிறேன், இல்லை, தெரியாது என்று மூன்றில் ஒன்றை அழுத்தலாம். பதில் எழுத மட்டும் வழியே கிடையாது. திட்ட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? எதிர்த்தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு வாக்கியம் எழுத முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். பயணிக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற விஷயங்களில் இரண்டு பக்கமும் ஒன்றுசேர்ந்தது, அது விதிகளுக்கும் வந்தது. ஒரே ஒரு பொத்தானை எடுத்துவிட்டதில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

கே: எனக்கு இப்போதுதான் பதினெட்டு வயது. நான் என்ன செய்வது மேடம்? (முதல் முறை வாக்காளர்)

ப: வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பார், அதில் எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்திவிடு. வரிசையில் நின்ற பிறகு "பெயர் இல்லை" என்று கேட்டுத் திரும்பிப் போன முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, எண்ணும் இடத்துக்கு முகவராகப் போக வாய்ப்புக் கிடைத்தால் போ. காலையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போ, எழுந்து போக நேரம் கிடைக்காது. பேனாவும் நோட்டும் எடுத்துக்கொள். சுற்றுக்குச் சுற்று எண்ணை நீயே எழுதிக் கூட்டு. பலகையில் எழுதுகிற எண்ணும் உன் நோட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் கையைத் தூக்கு. நாங்கள் திரும்ப எண்ணுவோம்.